வீட்டுப் பூனை திடீரென்று பாய்ந்து கடித்தால் செய்ய வேண்டியவை

பாம்பனில் எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஒரு மே மாத மாலையில், ஐந்து ஆண்டுகளாக எங்களோடு வளர்ந்த சங்கு என்னும் வெள்ளைப் பூனை, பின்பக்க ஜன்னல் திண்டில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது. முதுகு மயிர் சிலிர்த்து, வால் இரண்டு பங்கு பருத்திருந்தது. சமாதானப்படுத்தலாம் என்று நினைத்து அதன் முதுகில் கை வைத்தேன். அடுத்த கணம் என் முன்னங்கையில் நான்கு கோரைப்பற்களும் இறங்கியிருந்தன. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா, “வெறி புடிச்சிருச்சு போல தம்பி, கதவச் சாத்துங்க” என்றார்.

சங்குக்கு வெறி பிடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் கறுப்புக் கடுவன் (ஆண் பூனை) ஒன்று உட்கார்ந்திருந்தது. கம்பிக்கு உள்ளே இருந்த சங்கினால் அதை எட்ட முடியவில்லை. எட்டிய தூரத்தில் இருந்தது என் கை. இதைத் திசைமாறிய ஆக்ரோஷம் என்பார்கள். வீட்டுப் பூனை ‘காரணமே இல்லாமல்’ கடித்தது என்று சொல்லப்படும் நிகழ்வுகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்லது உடல் வலியால் வருபவை. பூனை வளர்ப்பில் புதியவர்களுக்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். இந்த வரிசை முக்கியமானது. காரணம் தேடும் வேலை நான்காவது படியில்தான் தொடங்குகிறது.

படி 1: கையை விலக்குங்கள்

பூனை சீறும்போது நம் கை தானாகவே அதன் தலையை நோக்கிப் போகிறது. அந்தக் கையை அடக்குவதுதான் முதல் வேலை. தூக்குவது, தடவுவது, பெயர் சொல்லி உரக்க அழைப்பது, துடைப்பத்தால் தட்டுவது, தண்ணீரை வீசுவது ஆகிய எல்லாமே அந்த நேரத்தில் பூனைக்கு மற்றொரு தாக்குதலாகவே படும். குழந்தைகளை முதலில் அறையை விட்டு வெளியேற்றுங்கள். பிறகு பூனையின் கண்ணை நேராகப் பார்க்காமல், ஓடாமல், மெதுவாக நகர்ந்து வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். அது வழியை மறித்து நின்றால் ஒரு தலையணையையோ மடித்த சமுக்காளத்தையோ இடையில் பிடித்தபடி நகரலாம். ஆனால் அதை மூலைக்குத் தள்ளக் கூடாது.

பல் ஏற்கெனவே இறங்கிவிட்டால் வெடுக்கென்று கையை இழுக்காதீர்கள். நான் இழுத்தேன், நான்கு புள்ளிகளாக இருந்திருக்க வேண்டிய காயம் இரண்டு இடங்களில் கிழிந்தது. கையை அசைக்காமல் வைத்திருந்தாலோ, சற்றே அதன் வாயை நோக்கித் தள்ளினாலோ பிடி தளரும்.

படி 2: காயத்தைக் கழுவி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள்

பூனையின் பல் ஊசி போன்றது. வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கும்; மேல்தோல் விரைவில் மூடிக்கொள்வதால் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உள்ளேயே பெருகி, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிவந்து வீங்கிவிடும். விரல் மூட்டிலும் மணிக்கட்டிலும் பட்ட கடி கூடுதல் ஆபத்தானது. ஆகவே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். குடம் கணக்கில் தண்ணீர் பிடித்து வைக்கும் எங்கள் ஊரில் இவ்வளவு நேரம் குழாயைத் திறந்துவிட யாருக்கும் மனம் வராது. அன்று மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஒருவர் சொம்பால் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம்.

கழுவியவுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். வீட்டுப் பூனைதானே என்று ரேபிஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் ஊசி போடும் நாளைப் பூச்சியமாகக் கொண்டு, அடுத்து 3, 7, 28 ஆம் நாட்களில் தோலில் போடுவது இப்போது அரசு மருத்துவமனைகளில் வழக்கமான முறை. இரத்தம் வந்த ஆழமான கடியாக இருந்தால் ரேபிஸ் கிருமியை உடனடியாக எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும். கடித்த பூனை 10 நாட்கள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் ரேபிஸ் கிருமி இல்லை என்று கொள்ளலாம். அப்போது மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். அந்தப் 10 நாட்களை எதிர்பார்த்து முதல் ஊசியைத் தாமதிக்க வேண்டாம்.

படி 3: பூனையைத் தனியே விடுங்கள்

வெளிச்சம் குறைந்த ஓர் அறை, தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓரிடம்; இவை போதும். எங்கள் வீட்டில் பழைய பனையோலைக் கடகப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தேன். சங்கு அதற்குள் போய்ச் சுருண்டுகொண்டது. கோபம் அரை மணி நேரத்தில் அடங்கும் பூனைகளும் உண்டு, ஒன்றிரண்டு நாட்கள் எடுத்துக்கொள்ளும் பூனைகளும் உண்டு. பெட்டியை விட்டு வந்து சாப்பிட்டு, உடம்பை நக்கித் துடைக்கத் தொடங்கினால் அது தணிந்துவிட்டது என்று அறியலாம்.

படி 4: வலி இருக்கிறதா என்று பாருங்கள்

பூனை வலியை மறைக்கும் விலங்கு. வலிக்கும் இடத்தில் நம் கை படும்போதுதான் அது வெளிப்படுகிறது. பல், ஈறு நோய், மூட்டு வலி, மற்றொரு பூனை கடித்து உள்ளே சீழ் கட்டிய புண் ஆகியவை வழக்கமான காரணங்கள். பத்து வயதைக் கடந்த பூனை நிறையத் தின்றும் மெலிந்து, எரிச்சலோடு அலைந்தால் தைராய்டு சுரப்பு மிகுதியாக இருக்கலாம். கடுவன் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் கத்தினால், அது சிறுநீர்க் குழாய் அடைப்பு; ஓரிரு நாட்களுக்குள் உயிரே போய்விடும் என்பதால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சேர்க்க வேண்டும்.

கடற்கரை ஊர்ப் பூனைகளுக்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. முன்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டு எச்சில் ஒழுக நிற்கும் பூனையின் கடைவாயில் மீன்முள் குத்தியிருக்கலாம். கரையில் கிடக்கும் இரையோடு தூண்டில் முள்ளையும் விழுங்கிவிடும் பூனைகள் உண்டு. வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்குவதைக் கண்டால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது, இழுத்தால் முள் உள்ளே கிழித்துவிடும். நரம்பை அப்படியே விட்டு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அடுத்தது உணவு. சாளை, நெத்திலி இனங்களைச் சேர்ந்த சில மீன்களில், தயமின் என்னும் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. நாள்தோறும் பச்சை மீன் மட்டுமே தின்னும் பூனைக்கு அந்த வைட்டமின் குறைந்து, நடை தள்ளாடி, தலை கீழ்நோக்கி வளைந்து, வலிப்பு வரை போகும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். ஆகவே உப்பும் புளியும் இல்லாமல் அவித்து, முள் நீக்கி, மற்ற உணவோடு கலந்து கொடுங்கள்.

குரல் கரகரத்து, பின்னங்கால்கள் தள்ளாடி, எச்சில் வழிய, எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும் பூனைக்கு ரேபிஸ் இருக்கலாம்; அதை நெருங்கவே வேண்டாம். கதவைப் பூட்டிவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். எந்த வலியாக இருந்தாலும் வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது.

படி 5: ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்

உடம்பில் குறை இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, பூனை கடித்த இடத்தில் நீங்களே உட்கார்ந்து, அதன் உயரத்திலிருந்து வெளியே பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது மதிலும், மதிலுக்குக் கீழே எங்கள் வீட்டு மீன் கழுவும் கல்லும் தெரிந்தன. அரிவாள்மணையில் ஆய்ந்த செதிலையும் குடலையும் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே ஒதுக்கிவிடுவது எங்கள் வழக்கம். அந்த மாலை எந்தக் காலத்தில் வந்தது என்பதையும் அப்போதுதான் யோசித்தேன். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள். அந்த நாட்களில் படகுத்துறையில் கழிவு மீன் குறைந்துவிடுவதால், அங்கேயே வயிறு நிரப்பிக்கொண்டிருந்த பூனைகள் தெருவுக்குள் வந்து, நாட்டுப்படகு மீன் வாங்கும் வீடுகளின் கொல்லையைச் சுற்றுகின்றன. கடுவனைக் கூப்பிட்டு மதில்மேல் உட்காரவைத்தது நாங்கள்தான்.

மீன் கழிவை உடனுக்குடன் மூடிய வாளியில் போட்டு அப்புறப்படுத்தத் தொடங்கினோம். ஜன்னலின் கீழ்ப்பாதியை ஓலைப்பாய்த் துண்டால் மறைத்தோம். வெளிச்சமும் காற்றும் மேற்பாதி வழியாக வரும். கடுவன் சிறுநீர் பீய்ச்சிவிட்டுப் போன கதவடியைச் சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவினோம். அந்த வாடை இருக்கும்வரை, வெளியே பூனை இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் பூனைக்கு அது இருப்பதாகவே தோன்றும். உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம்: கச்சான் காற்றில் படாரென்று அறையும் கதவு, திருவிழா வெடி, விருந்தாளி வீட்டு நாயின் வாசனை. கடித்த நாள், நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். இரண்டு மூன்று பதிவுகளிலேயே ஒரு பொது அம்சம் தெரியத் தொடங்கும்.

படி 6: மெல்லச் சேருங்கள்

முதல் நாள் கதவிடுக்கு வழியே உணவுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு வந்துவிடுங்கள். அடுத்த நாள் கதவைத் திறந்து, சற்றுத் தொலைவில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அது தானாக வந்து உரசும்வரை கை நீட்ட வேண்டாம். உரசிய பிறகும் கன்னத்திலும் தாடையிலும் மட்டும் இரண்டு முறை தடவி நிறுத்துங்கள். வால் நுனி துடித்தாலோ, காது பின்னே திரும்பினாலோ, முதுகுத் தோல் சிலிர்த்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். வீட்டில் இரண்டு பூனைகள் இருந்து ஒன்றை ஒன்று தாக்கியிருந்தால், இருவேறு அறைகளில் வைத்து, ஒன்று படுத்த துணியை மற்றொன்றிடம் மாற்றிப் போட்டுச் சில நாட்கள் பழக்கிய பிறகே முகம் பார்க்க விடுங்கள்.

கருத்தடையும் ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசியும் எப்படியும் செய்ய வேண்டியவை. கருத்தடை செய்த கடுவனுக்குச் சண்டைக்குப் போகும் நாட்டம் குறையும்.

சங்கு நான்காம் நாள் கடகப்பெட்டியிலிருந்து வந்து என் காலடியில் படுத்தது. ஓலைப்பாயை ஜூன் கடைசியில் கழற்றிவிட்டேன். நாட்காட்டியில் அடுத்த ஏப்ரல் 15க்கு நேராக ‘ஜன்னல் பாய்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.