ரசகுல்லா: சேனாவின் ஈரம் சரியாக இருந்தால் போதும்

பால், எலுமிச்சம்பழம், சர்க்கரை, தண்ணீர். ரசகுல்லாவுக்கு இவ்வளவுதான் சாமான். உருண்டை உடையாமல் இருக்க மைதா, ரவை சேர்க்கச் சொல்வார்கள். சேனாவில், அதாவது பாலைத் திரித்து வடித்தெடுக்கும் கட்டியில், ஈரம் சரியாக இருந்தால் அதற்கெல்லாம் வேலையே இல்லை.

1 லிட்டர் பசும்பால் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் பால் என்றால் 3 முதல் 3.5 சதவீதம் கொழுப்பு போதும். ஆவின் நீலப் பாக்கெட் தாராளம். ஆரஞ்சுப் பாக்கெட்டைப் பாயசத்துக்கு வையுங்கள். அதில் கொழுப்பு 6 சதவீதம், பிசையும்போதே நெய் கசியும். எருமைப்பாலில் சேனா இறுகி ரப்பர் மாதிரி ஆகும். மாதக்கணக்கில் கெடாத டெட்ரா பேக் பாலும் வேண்டாம், திரிந்தாலும் கொழகொழப்பாகவே இருக்கும்.

1. பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து 3 நிமிடம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் திரித்தால் சேனா கடினமாகும். 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கரண்டி கரண்டியாக ஊற்றி மெதுவாகக் கிளறுங்கள். சேனா தனியாக, இளம்பச்சைத் தண்ணீர் தனியாகப் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள். சாறு மீந்தால் மீந்துபோகட்டும். உடனே 2 டம்ளர் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள், சேனா மேலும் வேகாது.

2. பழைய வேட்டித் துணியில் வடித்து, புளிப்பு போகக் குழாய்த் தண்ணீரில் அலசி, கையால் ஒரு தடவை பிழிந்து, 30 முதல் 40 நிமிடம் தொங்கவிடுங்கள். சல்லடை இதற்கு உதவாது, பாதி சேனா ஓட்டையில் அடைத்துக்கொள்ளும்.

3. பெரும்பாலும் கோட்டை விடுகிற இடம் இதுதான். கொஞ்சம் சேனாவை எடுத்து விரல்களுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் இன்னும் தொங்கட்டும்; இப்படியே உருட்டினால் பாகில் கரையும், அல்லது வடையாகத் தட்டையாகும். பொலபொலவென உதிர்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது, ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள். ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

பிறகு அகலத் தட்டில் போட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னோக்கித் தேய்த்துத் தேய்த்து 8 முதல் 10 நிமிடம் பிசையுங்கள். நறநறப்பு போய், மாவு மிருதுவாகி, கையில் லேசாக எண்ணெய்ப் பசை தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் நெய் பிரியும். மிக்ஸியில் இந்தக் கட்டம் கண் இமைப்பதற்குள் தாண்டிவிடும், கைதான் நல்லது.

4. 12 சிறு உருண்டைகள் பிடியுங்கள். வெந்ததும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில்தான் பிளக்கும். இன்னும் கொஞ்சம் பிசைந்து மறுபடி உருட்டுங்கள்.

5. 400 கிராம் சர்க்கரையை 1.2 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். கம்பிப் பதமெல்லாம் பார்க்காதீர்கள். பாகு கெட்டியானால் உருண்டைக்குள் ஏறாது. அடி அகலமான பாத்திரம் வேண்டும், உருண்டைகள் ஒன்றையொன்று நெருக்கக் கூடாது. போட்டதும் மூடி, தீயைக் குறைக்காமல் 15 நிமிடம். நடுவில் ஒருமுறை திறந்து அரை டம்ளர் வெந்நீர் ஊற்றுங்கள், பாகு நீர்த்தபடியே இருக்கும். ஓர் உருண்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு மூழ்கினால் வெந்துவிட்டது. மிதந்தால் இன்னும் 3 நிமிடம்.

6. பாகிலேயே 4 மணி நேரம் ஊறட்டும். வெந்த கையோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சுருங்கும். முழுதாக ஆறிய பிறகு வையுங்கள்.

இது கல்கத்தா முறை, வெள்ளையாக, ஸ்பாஞ்ச் போல வரும். ஒடிசாவில் செய்வது இதைவிட மிருதுவானது, நிறம் பழுப்பாக இருக்கும். எது அசல் என்ற சண்டையில் 2017ல் வங்காளமும் 2019ல் ஒடிசாவும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு வாங்கிக்கொண்டன.

பின்சேர்க்கை: குக்கரில் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். செய்யலாம். 5 லிட்டர் குக்கரில் கொதிக்கும் பாகில் உருண்டைகளைப் போட்டு, ஒரு விசில் வந்ததும் சிறுதீயில் 7 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை விட்டால் உருண்டைகள் அமுங்கிவிடும்.