சீசருக்கு எந்தக் கரை வேட்டி கட்டுவது?

கோபிப் பக்கம் 26 வருசமாக ரேடியோ செட் போடுகிறேன். கோயில் பொங்கல், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு வீடு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிகிற அரசியல், முன்வரிசை நாற்காலிக்காரருக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசரை' இந்தக் காலத்துக் கட்சிக் கதையாக எங்கள் ஊர்க் கோயில் பொங்கலில் போட்டேன். கதை இதுதான்: சீசர் ரோமுக்கு ராஜாவாகிவிடுவார் என்று காசியஸ் சதி பண்ணி, சீசரின் நண்பர் புரூட்டஸையும் சேர்த்துக்கொண்டு அவரைக் குத்திக் கொல்கிறார். சீசரின் ஆள் ஆண்டனி, இரங்கல் பேச்சிலேயே கூட்டத்தை அவர்களுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார். மூன்று தடவை போட்டாயிற்று. முதல் தடவை சொதப்பல். அதனால் சொல்ல விசயம் இருக்கிறது.

துணிக்கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு நோட்டில், நாடகத்தில் வருகிற ஒவ்வொரு பொருளும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள். அதே வேலையை நம்மூரில் எது செய்கிறது என்று எதிரில் எழுதுங்கள். முதல் காட்சியிலேயே சிலைகளில் கட்டியிருக்கும் அலங்காரத்தை இரண்டு அதிகாரிகள் பிடுங்கிப் போடுவார்கள். தேர்தல் வந்தால் நம்மூரில் தலைவர் சிலைகளைத் துணி போட்டு மூடுவதில்லையா? அதைத்தான் வைத்தோம். கிரீடத்தை மூன்று முறை வேண்டாம் என்று தள்ளுகிற சீசருக்கு, மாநாட்டில் கொடுக்கிற வெள்ளிக் கிரீடம். 'மார்ச் 15-ஐப் பார்த்து நடந்துக்கோ' என்று சொல்கிறவருக்குக் குடுகுடுப்பைக்காரர். அந்தத் தேதி நமக்குப் பங்குனி பிறக்கிற சமயம், மாரியம்மன் கோயிலில் கம்பம் நடுகிற காலம். இவ்வளவு பொருத்தமாக நாடகம் நம்மிடம் நடந்து வந்தால் விடலாமா!

ரோமப் பெயர்களை மாற்ற வேண்டாம். முறையை மட்டும் போட்டு அழையுங்கள். காசியஸ், புரூட்டஸின் உடன்பிறந்தவளைக் கட்டினவர். நாடகத்திலேயே அவரைப் புரூட்டஸின் 'சகோதரர்' என்றுதான் வேலைக்காரப் பையன் சொல்வான். ஆக மச்சான், மாப்பிள்ளை. சதிக்கு ஆள் பிடிக்கிற பேச்சு 'வா மாப்ள, ஆத்தோரம் நடந்துட்டு வரலாம்' என்று ஆரம்பித்தபோது, கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

'நீயுமா புரூட்டஸ்?' ஒரு வம்பு. சின்னப் பையன்கூட கேலிக்குச் சொல்கிற வசனம் அது. முதல் வருசம் சீசர் வாயைத் திறந்ததும் ஒரே சிரிப்பு, சாவு போச்சு. அடுத்த வருசம் 'ஏங்கண்ணு... நீயுமா?' என்று மாற்றினேன். ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

கரை வேட்டி. நான் செய்த பெரிய தப்பு இதுதான். முதல் வருசம் கட்டிய கரை ஒரு கட்சிக் கரை மாதிரியே இருந்துவிட்டது. பாதி நாடகத்தில் ஒருவர் எழுந்து, 'எங்க தலைவரையா குத்தறீங்க?' என்று மேடைக்கு வந்துவிட்டார். 2017-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சீசரை அப்போதைய அமெரிக்க அதிபர் சாயலில் காட்டியதற்காக, பணம் கொடுத்த இரண்டு பெரிய நிறுவனங்கள் விலகிக்கொண்டன. அவர்களுக்கே அந்தக் கதி. பயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு முகத்தைக் காட்டிவிட்டால், பார்க்கிறவர் அந்த ஆளைப் பற்றி மட்டும்தான் யோசிப்பார், தன்னைப் பற்றி யோசிக்க மாட்டார். நிறம் நிறமாகக் கழித்துப் பார்த்ததில் யாருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சியது காப்பிக்கொட்டை நிறம். ஈரோடு கனி மார்க்கெட்டில் வெள்ளை வேட்டி எடுத்து, அந்த நிற ரிப்பனை ஓரத்தில் தைத்தோம்.

துப்பாக்கி வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கொன்றவர்கள் குனிந்து கைகளை ரத்தத்தில் நனைக்கிறார்கள், அந்தக் கையோடுதான் ஆண்டனியிடம் குலுக்குகிறார்கள். கத்திதான் சரி. ரத்தத்துக்கு ஆரத்தித் தண்ணி போதும், மஞ்சளும் சுண்ணாம்பும். சோப்புப் போட்டால் கறை இன்னும் சிவக்கும். எலுமிச்சை தேய்த்து வெயிலில் போடுங்கள்.

இரங்கல் கூட்டம்தான் நாடகத்தின் உயிர், ஒத்திகையில் பாதி நேரத்தை இதற்குக் கொடுங்கள். மூலத்தில் புரூட்டஸ் உரைநடையில் பேசுவார், ஆண்டனி செய்யுளில். நாங்கள் புரூட்டஸுக்கு அடுக்குமொழி மேடைத் தமிழும் ஆண்டனிக்கு நம்ம பேச்சும் கொடுத்தோம். 'சீசருக்குப் பேராசைன்னு புரூட்டஸ் அண்ணன் சொல்றாருங்க. அவரு மரியாதப்பட்டவருங்க. அவரு சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்.' கொங்கு 'ங்க'வை வைத்து ஒருத்தரைக் கும்பிடவும் செய்யலாம், குழி தோண்டவும் செய்யலாம். நடிகர் முதல் இரண்டு தடவை நிஜமாகவே மரியாதையாகச் சொல்லட்டும். நக்கல் முன்னாடியே வந்தால் கெட்டது.

புரூட்டஸுக்கு எக்கோ வைத்த ஸ்டாண்டு மைக். ஆண்டனி தொட்டதும் மைக் கூவ வேண்டும், அவர் அதை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் பிணத்துக்கிட்டே போக வேண்டும். 'நான் இறங்கி வரட்டுமா?' என்று மூலத்திலும் அவர் கேட்கிறார். மைக் இல்லாத குரலுக்கு ஊரே காது கொடுக்கும். ஜெனரேட்டரை மட்டும் கோயில் பின்பக்கம் தள்ளி வையுங்கள். பிணத்தை ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள், பெஞ்சு போதும். ஜெயித்த அன்றைக்குப் போர்த்திய சால்வையை விரித்து, 'இந்த ஓட்டை காசியஸோடதுங்க' என்று ஆண்டனி காட்ட வேண்டுமே. எட்டு நடிகர்களைப் பார்வையாளர் நடுவே உட்கார வைத்திருங்கள். அவர்கள் கத்த ஆரம்பித்தால் மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

சீசர் எழுதிவைத்த உயிலில் ரோம் மக்களுக்கு ஆளுக்கு 75 வெள்ளிக்காசு. அதைக் கவரில் போட்டு நீட்டினோம். முன்னால் இருந்த ஒரு ஆத்தா நிஜமாகவே கை நீட்டினார்.

கவிஞன் சின்னா காட்சியை வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். சதிகாரனின் பெயர் இவனுக்கும் இருக்கிறது, அதற்காகக் கூட்டம் அடித்துக் கொல்கிறது. இனிஷியல் வைத்து ஆள் பிரிக்கிற ஊர் நம்முடையது, ஒரே பெயரில் சுயேச்சைகளை நிறுத்துகிற தேர்தல் நம்முடையது. 1937-ல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் என்ற இயக்குநர் இதே நாடகத்தை முசோலினி காலத்து உடுப்பில் போட்டபோதும் இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

கடைசிப் போர்களைச் சுருக்குங்கள். ஆனால் ஆண்டனியும் கூட்டாளிகளும் யாரைக் கொல்வது என்று பட்டியலில் புள்ளி வைக்கும் காட்சி இருக்கட்டும். உயிலைக் கொண்டுவரச் சொல்லி, கொடுப்பதில் எதைக் குறைக்கலாம் என்று அங்கேதான் யோசிக்கிறார்கள். அதே கவர்களை மேசைமேல் வையுங்கள்.

போலீஸ் அனுமதிக்குப் போனால் சிலர் 'ஸ்கிரிப்ட் குடு' என்பார்கள். 1954-ஆம் வருசத்துத் தமிழ்நாடு நாடகச் சட்டத்தின் பழக்கம் அது. நாடகக்காரர் ஞாநி போட்ட வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. சண்டை போடாமல் அதைச் சொல்லுங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அதில் மட்டும் விளையாட வேண்டாம். ஏழரைக்கு ஆரம்பித்தால் ஒன்பதே முக்காலுக்குப் புரூட்டஸ் சாவார். மீதி கால் மணி நேரத்தில் தலைவர் நன்றி சொல்லிவிடலாம், நீளமாகப் பேசுகிறவர் என்றால் மைக்கை அணைக்க ஒரு ஆளை நிறுத்தி வையுங்கள்.