இரவு விடுதிக் கொலை: வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

டெல்லி மெஹ்ராலியில் இருந்த டாமரிண்ட் கோர்ட் விடுதியில், 1999 ஏப்ரல் 29 நள்ளிரவு தாண்டி, அங்கே மது பரிமாறிக்கொண்டிருந்த மாடல் ஜெசிகா லால் சுட்டுக் கொல்லப்பட்டார். நேரமாகிவிட்டது, மது கிடையாது என்று சொன்னதற்காக. விருந்தினர் பலர் அங்கே இருந்தும், 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் விடுவித்தது. நாடே கொந்தளித்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம், சுட்டவர் என்று மனு சர்மாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

சாட்சிகள் பல்டி அடித்தார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பல்டி அடிக்க வழி எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்க வேண்டாமா?

முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் என்ன சொன்னார் தெரியுமா? தான் ஆங்கிலத்தில் சொன்னதை போலீஸ் இந்தியில் எழுதியது, தனக்கு இந்தி படிக்கத் தெரியாது என்றார். வாக்குமூலத்தைச் சொன்னவர் மொழியிலேயே எழுதி, படித்துக்காட்டியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சுட்டது இரண்டு பேர் என்றும் சொன்னார். துப்பாக்கி கடைசிவரை கிடைக்காததால் அந்தக் கதையும் எடுபட்டது.

போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. பின்னால் மறுப்பது சுலபம். ஆகவே மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் பதிவு செய்வதைத் தள்ளிப்போடவே கூடாது. இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 164-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) 183. போதை தெளியாதவரிடம் அவசரமாக எழுதி வாங்குவதும், சாட்சிகளை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிடுவதும் வேறு தவறுகள். பக்கத்தில் இருப்பவர் பார்த்ததைத் தானும் பார்த்ததாக மனசு நம்பிவிடும்.

இடத்தைப் பாதுகாக்காததும் பெரிய பிழை. கடை மூடும்போது தரையைத் துடைப்பதும் கிளாஸ் கழுவுவதும் ஊழியர்களின் அன்றாட வேலை. கெட்ட எண்ணம் இல்லாமலே ரத்தக் கறையும் கைரேகையும் போய்விடும். ஹாலுக்கு மட்டும் சீல் வைத்துப் பயனில்லை. பாத்திரம் கழுவும் இடம், குப்பைத் தொட்டி, பார்க்கிங் டோக்கன், கார்டு பில் எல்லாமே சாட்சியம். விளக்குகளை அன்றிரவு எரிந்தபடியே எரியவிட்டு, சாட்சி நின்ற இடத்திலிருந்து முகம் தெரிகிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். "அந்த இருட்டில் எப்படித் தெரிந்தது?" என்ற குறுக்கு விசாரணை நிச்சயம் வரும்.

சிசிடிவி ரெக்கார்டரில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். நாளைக்கு எடுக்கலாம் என்று விடக்கூடாது. அதன் கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தி ஓடினால் அதையும் மகஜரில், அதாவது கைப்பற்றியபோது எழுதும் பதிவில், எழுத வேண்டும். இல்லாவிட்டால் செல்போன் பதிவோடு ஒத்துப்போகாது.

அடையாள அணிவகுப்புக்கு (பலரை வரிசையாக நிறுத்தி, சாட்சி ஆளை அடையாளம் காட்டுவது) முன்பே சந்தேக நபரின் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பதும் வழக்கமாக நடக்கிறது. படம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று காரணம் சொல்லி அணிவகுப்பில் நிற்க அவர் மறுக்கலாம். ஜெசிகா வழக்கில் மனு சர்மாவும் அப்படித்தான் மறுத்தார்.