பிஸ்கட்டில் பால் இருக்கா? ஒரே வரி பார்த்தால் போதும்

பிஸ்கட் பாக்கெட்டில் பொடி எழுத்துப் பட்டியலை முழுசாகப் படிக்காமல், அதை ஒட்டி 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் ஒவ்வாமை வரியை முதலில் பாருங்க. அதில் 'மில்க்' இருந்தால் பால், தேன், முட்டை எதுவும் தொடாத வீகன்காரர்களுக்கு ஆகாது, பாக்கெட்டை வச்சிரலாம். பச்சைப் புள்ளி மட்டும் போதாது, ஏன்னா நம்ம நாட்டு விதியில் பாலும் தேனும் சைவக் கணக்குதான். ஆனால் அந்தப் புள்ளி இருந்தாலே முட்டை, ஜெலட்டின், மிருகக் கொழுப்பு எல்லாம் விலகிவிடும், அப்புறம் மிச்சம் பார்க்க வேண்டியது பெரும்பாலும் பால்தான். பால்பவுடர், வெண்ணெய், வே பவுடர் (பால் திரிந்த தண்ணீரின் பொடி) என்று எந்தப் பெயரில் சேர்த்திருந்தாலும் 2020 லேபிள் விதிப்படி அந்த வரியில் 'மில்க்' வந்தாகணும். தேன் அதில் வராது, அதைப் பட்டியலில்தான் தேடணும்.

பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி போதாது, 'மே கன்டெய்ன்' (கலந்திருக்கலாம்) வரியில் பால் இருந்தாலும் தயவுசெய்து கொடுக்காதீங்க. கோதுமை ஆகாதவர்களுக்கு சாதாரண பிஸ்கட் சரிவராது, பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோதான்.

ஜங்ஷன் பக்கம் டீக்கடை பாட்டிலில் இருக்கும் பட்டர் பிஸ்கட், பேக்கரியில் எடைபோட்டுத் தருவது இதற்கெல்லாம் லேபிளே கிடையாது, கேட்டுத்தான் வாங்கணும். தூத்துக்குடி மக்ரூனில் முந்திரியோடு முட்டை வெள்ளைக்கருவும் உண்டு.