ஸ்டீரியோவுடன் சப்வூஃபரை இணைப்பது எப்படி?

தாழ்ந்த ஒலிகளை (பாஸ்) எழுப்பும் ஸ்பீக்கரான சப்வூஃபரை வாங்கியதும் அறை மூலையில் தள்ளிவிடுவதே பலரின் வழக்கம். மூலை பாஸைப் பெருக்கிக் கொடுக்கும் என்றாலும், அறையின் ஒத்ததிர்வுகள் (அறையின் அளவுக்கேற்பச் சில சுரங்கள் மட்டும் பெருத்து ஒலிப்பது) அனைத்தையும் சேர்த்துக் கிளப்பிவிடுவதால் ஒலி தெளிவிழந்து முழங்கும். 4.3 மீட்டர் நீளமுள்ள அறையில் 40 ஹெர்ட்ஸ் அருகே நிலையலை (சுவர்களுக்கிடையே எதிரொலித்து ஓரிடத்திலேயே நிற்கும் ஒலியலை) உருவாகி, சுவரோரம் பாஸ் பெருத்தும், அறையின் நடுவில் ஏறக்குறையக் காணாமலும் போகும். ஆகவே, முதலில் நீங்கள் அமரும் நாற்காலியிலேயே சப்வூஃபரை வைத்து, பாஸ் கிதார் தெளிவாக ஏறி இறங்கும் பாடலொன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள் (வீட்டார் சிரிப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம்). எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் இடத்திற்கு அதை மாற்றிவிடலாம்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டே கம்பிகளை இணைக்க வேண்டும். சிறிய ஸ்பீக்கர்களாக இருந்தால் கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பை) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதைவிட மிகவும் உயர்த்தினால், பாஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது கண்டுபிடித்துவிடும். அடுத்து, ஃபேஸ் விசையை (சப்வூஃபரின் ஒலியலையை ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போகச் செய்வது) 0, 180 டிகிரி என மாற்றிக் கேட்டு, பாஸ் நிறைவாக ஒலிக்கும் நிலையிலேயே விட்டுவிடுங்கள். வீட்டில் ஒருவர் விசையை மாற்ற, நீங்கள் நாற்காலியிலிருந்து கேட்பது நல்லது. ஒலியளவைக் கடைசியாக, பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, சப்வூஃபர் தனித்துக் கேட்கத் தொடங்கியதும் சற்றே குறையுங்கள்.