1930-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் உளவுப் படத்தைக் காதால் பார்ப்பது எப்படி

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள். பேசும்படம் வந்த புதிதில் ஒலித்தடத்துக்காக ஃபிலிமின் ஓரத்தில் ஒரு பட்டையை ஒதுக்கினார்கள். அதனால் பிம்பம் ஒடுங்கிக் கிட்டத்தட்டச் சதுரமானது; அகலத்துக்கும் உயரத்துக்குமான கணக்கு 1.19:1. திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். இழுத்து நிரப்பினால் ஆட்கள் குண்டாவார்கள், பெரிதாக்கினால் தலை போகும். சில பிரதிகளிலேயே தலை வெட்டுப்பட்டிருக்கும். பாத்திரங்களுக்கு நெற்றியே இல்லையென்றால் வேறு பிரதி தேடுங்கள்.

அடுத்து, குரலைத் துலக்கிக் காட்டும் வசதி இருந்தால் அணையுங்கள். நான் ஒலிக்கலவை வேலை பார்க்கிறவன்; இரைச்சலை அழிப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் இந்தக் காலத்துப் படங்களில் அந்த இரைச்சலே துப்பு. ஷாட் மாறும் இடத்தில் அதன் தன்மையும் சட்டென்று மாறினால், அங்கே இரண்டு ஒலித்துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உளவுப் படத்துக்குப் போகுமுன் ஒரு கொலைப் படம் பாருங்கள்: இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' (1929). மௌனமாகத் தொடங்கிப் பேசும்படமாகத் திருத்தி எடுத்தார்கள். இரண்டு வடிவமும் கிடைக்கின்றன. மௌன வடிவத்தை முதலில் பாருங்கள். நாயகி ஆனி ஆன்ட்ராவின் பேச்சில் செக் வாடை அடித்ததால், பேசும் வடிவத்தில் அவர் வாயை மட்டும் அசைக்க, ஜோன் பாரி என்ற நடிகை காமிராவின் பார்வைக்கு வெளியே நின்று வசனம் பேசினார். டப்பிங் வசதி இல்லாத காலம்.

காலைச் சாப்பாட்டுக் காட்சியை மட்டும் தனியாக இரண்டாம் தடவை ஓட்டுங்கள். முந்தைய இரவு கத்தியால் ஒருவனைக் கொன்ற நாயகி மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று அந்தக் கொலையைப் பற்றியே வம்பளக்கிறாள். மெல்ல மெல்லப் பேச்சு முழுதும் முணுமுணுப்பாகக் கரைந்து, 'கத்தி' என்ற சொல் மட்டும் தெளிவாக வந்து குத்துகிறது. ரொட்டி வெட்டச் சொல்கிறார் அப்பா. கடைசிக் 'கத்தி' அலறலாக விழ, கையிலிருந்தது தெறிக்கிறது. மௌனப்படத்தில் வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டையால் இதைச் செய்யவே முடியாது.

இனி, விக்டர் சாவில் இயக்கிய 'தி டபிள்யூ பிளான்' (1930). முதல் உலகப்போர். ஜெர்மானியர் ரகசியமாகத் தோண்டும் சுரங்கப்பாதைகளைக் கண்டறிய எதிரி மண்ணில் இறங்கும் பிரிட்டிஷ் அதிகாரியாக பிரையன் அஹெர்ன். கூட மாடலின் கரோல். மௌனப்பட ஒற்றனுக்குச் சீருடையும் முகபாவமும் போதும். பேசும்பட ஒற்றன் வாயைத் திறந்தாலே ஆபத்து. ஆகவே எதிரிகள் முன்னால் அவன் எப்போது பேசுகிறான், எப்போது பேசாமல் தப்பிக்கிறான் என்று குறித்துக்கொண்டே பாருங்கள். என்னைக் கேட்டால் துரத்தல், வெடிச்சத்தத்தைவிட இதில்தான் பதற்றம் அதிகம்.

நடிகர்கள் காரணமில்லாமல் ஒரே இடத்தில் குவிந்து பேசினால், மேசைமேல் இருக்கும் பூச்சாடியையோ தொலைபேசியையோ உற்றுப் பாருங்கள். அந்த நாட்களில் மைக்கை அப்படித்தான் ஒளிப்பார்கள். காமிராவின் சத்தம் பதியாமலிருக்க அதைக் கூண்டில் அடைத்ததும் உண்டு, அதனால்தான் பல பேச்சுக் காட்சிகள் அசையாமல் கிடக்கும். வெளிப்புறத்தில் காமிரா துள்ளி ஓடினால், அது பெரும்பாலும் ஒலியில்லாமல் எடுத்ததாக இருக்கும்.

தெம்பு இருந்தால் கடைசியாக ஹிட்ச்காக்கின் 'தி மேன் ஹூ நியூ டூ மச்' (1934). இசையின் எந்த இடத்தில் சுட வேண்டும் என்று கொலையாளிக்குக் கிராமபோன் தட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். அங்கே நிறுத்திப் பின்னோக்கி ஓட்டி, அந்த இசையை மனதில் ஏற்றிக்கொண்டு லண்டன் ஆல்பர்ட் ஹால் இசையரங்கில் நடக்கும் காட்சிக்குப் போங்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் துப்பாக்கி எந்த நொடியில் வெடிக்கும் என்று தெரியும். தெரியாதது, மகளைக் கடத்தல்காரர்களிடம் பறிகொடுத்துவிட்டு அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் தாய் அதற்குள் என்ன செய்யப்போகிறாள் என்பதுதான்.