பைத்தான் 2.7-ஐக் கழற்றிவிட்ட கதை

பைத்தான் நிரல்மொழியின் பழைய 2.7 பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது, ஆனாலும் மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் என் சின்ன லைப்ரரியில் அதை ரொம்ப நாள் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எஃப்-ஸ்ட்ரிங் (2.7-க்குப் புரியாத புது எழுத்துமுறை) போட்டுப் புதுப் பதிப்பை வெளியிட்டேன். மறுநாளே பழைய சர்வர் வைத்திருப்பவர்களிடமிருந்து சின்டாக்ஸ் எரர் புகார். அசட்டுத் தவறுதான்: செட்டப் கோப்பில் எந்தப் பைத்தான் பதிப்பு தேவை என்று சொல்லும் பைத்தான்_ரிக்வயர்ஸ் வரியைப் போடவே இல்லை, அதனால் லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் எல்லோருக்கும் புதியதையே இறக்கியது.

சரி என்று அந்த வரியில் 3.6 முதல் எனக் குறித்து இன்னொரு பதிப்பு விட்டேன், அப்போதும் தீரவில்லை, 2.7-இல் ஓடும் பிப் அதை ஒதுக்கிவிட்டு, வரி இல்லாத உடைந்த பதிப்பையே தேடிப் பிடித்தது. (இது புரியவே ஒரு மாலை போனது.) லைப்ரரிகள் கிடைக்கும் பைபிஐ தளத்தில் அந்த உடைந்த பதிப்பை யாங்க் செய்த (இனி எடுக்க வேண்டாம் என்று குறியிட்ட) பிறகுதான் பழைய நல்ல பதிப்பு இறங்கியது. 19.2-க்கு முந்தைய பிப் யாங்க் குறியைக் கண்டுகொள்ளாது, அப்படி வைத்திருந்தவர்களை லைப்ரரியின் பழைய நல்ல பதிப்பு எண்ணைக் கையால் குறித்துப் பூட்டச் சொன்னேன்.